ஒரு ஷில்லிங் சந்தா: அருள்திரு அப்சலோம் ஜோன்ஸ் (1746–1818)



மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து நீங்கள் வெளியே வரும்போது, தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஒருவர் சந்தா நோட்டுடன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன் என்று கையசைத்துவிட்டுப் போயும் இருப்பீர்கள். நானும் போயிருக்கிறேன். இந்த ஆண்டு விழா மலருக்கு ஓர் ஊழியரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி குழுவினர் கேட்டபோது, எனக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வந்தது. அப்படிப்பட்ட ஒரு சந்தா நோட்டிலிருந்து ஒரு திருச்சபையும், கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு நகரத்துக்கு உதவியும், ஒரு சகோதர சங்கமும் கிளைத்த வரலாறு இது.

அப்சலோம் என்றதும் தாவீதின் மகன் உங்கள் நினைவுக்கு வருவான். தகப்பனுக்கு எதிராக எழும்பிய அந்த இளவரசனின் பெயரைத்தான், அமெரிக்காவின் டெலவேர் பகுதியில் 1746 நவம்பர் 6 அன்று அடிமைத் தாய்க்குப் பிறந்த ஒரு குழந்தைக்கு வைத்தார்கள். சிறுவன் வீட்டு வேலைக்கு எடுக்கப்பட்டான். விருந்தினர் கையில் வைத்துவிட்டுப் போன சில்லறைகளைச் சேர்த்து ஓர் எழுத்துப் புத்தகமும் ஒரு புதிய ஏற்பாடும் வாங்கினான். வாசிக்கத் தெரிந்தவர்கள் யார் கிடைத்தாலும் அவர்களைக் கெஞ்சிக் கற்றுக்கொண்டான்.

அவனுக்கு 16 வயதானபோது எஜமான் தாயையும், ஐந்து சகோதரர்களையும், ஒரு சகோதரியையும் விற்றுவிட்டு, அவனை மட்டும் தன்னோடு ஃபிலடெல்ஃபியாவுக்கு அழைத்துப் போனார். விற்கப்பட்டவர்கள் ஏழு பேர். ஒரே நாளில் குடும்பம் இல்லாதவனாகிப்போன அந்தப் பையன், பின்னாளில் ஐக்கியம், சகோதரத்துவம் என்ற சொற்களைச் சொன்னபோது அவை வெறும் பிரசங்க வார்த்தைகளாக இருந்திருக்க முடியாது.

ஃபிலடெல்ஃபியாவில் எஜமானின் கடையில் சாமான் கட்டும் வேலை. அங்கே ஒரு குமாஸ்தா எழுதக் கற்றுக் கொடுத்தார். குவேக்கர் கிறிஸ்தவர்கள் கறுப்பினத்தவருக்காக நடத்திய இரவுப் பள்ளிக்கும் போனார். 1770-ல் மேரி என்ற அடிமைப் பெண்ணை மணந்தார். கணவன் ஒரு வீட்டுக்குச் சொந்தம், மனைவி வேறொரு வீட்டுக்குச் சொந்தம். அந்நாளைய சட்டப்படி பிள்ளைகள் தாயின் நிலையையே பெறுவார்கள். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. ஆகவே அப்சலோம் தம் விடுதலையை ஒத்திவைத்து, முதலில் மனைவியின் விடுதலைக்காகப் பணம் திரட்டினார். மாமனாரோடு வீடு வீடாகப் போய் நன்கொடையும் கடனும் கேட்டார். பகலெல்லாம் எஜமானுக்கு உழைத்தபின், இரவு பன்னிரண்டு ஒரு மணி வரை தமக்காக உழைத்து அந்தக் கடனை அடைத்தார். பிறகு தம் விடுதலைக்குப் பணம் சேர்த்து எஜமானிடம் பலமுறை கேட்டார். கிடைக்கவில்லை. கேட்டுக் காத்திருந்த ஆண்டுகளில் ஒரு வீட்டையே வாங்கிவிட்டார். சொந்த உடல் தமக்குச் சொந்தமாகுமுன் சொந்த வீடு வாங்கிய மனிதர்! 1784-ல்தான் எஜமான் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பின்னும் ஜோன்ஸ் அதே கடையில் கூலிக்கு வேலை செய்தார். நமக்கு இது விளங்காமல் போகலாம். பொறுமை என்பதா, கணக்குத் தெரிந்த மனிதரின் நிதானம் என்பதா? இரண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்நாளில் ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பினத்தார் பலர் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் ஆராதித்தார்கள். அங்கே ஜோன்ஸுக்கு ரிச்சர்ட் ஆலன் என்ற இளம் பிரசங்கி நண்பரானார். ஆலனும் தம் விடுதலையை விலை கொடுத்து வாங்கியவர். ஆலன் நெருப்பு, ஜோன்ஸ் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் வேறு சிலரும் சேர்ந்து 1787 ஏப்ரல் 12 அன்று சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

இங்கேதான் நம் சந்தா நோட்டு வருகிறது. ஒவ்வொரு அங்கத்தினரும் மாதம் ஒரு வெள்ளி ஷில்லிங் கட்ட வேண்டும். ஓராண்டு சந்தா சேர்ந்தபின், தேவையில் இருக்கும் அங்கத்தினருக்கு வாரம் மூன்று ஷில்லிங் ஒன்பது பென்ஸ் வழங்கப்படும். ஆனால் அந்தத் தேவை அவருடைய ஊதாரித்தனத்தால் வந்ததாக இருக்கக் கூடாது. அங்கத்தினர் இறந்தால் விதவைக்கு உதவி, பிள்ளைகளுக்குப் படிப்பு. குடிகாரருக்கு இடமில்லை. காரணமில்லாமல் மூன்று மாதம் சந்தா கட்டாமலிருந்தால் பெயர் நீக்கம். நமது சங்கங்களில் இந்தக் கடைசி விதியை வைத்தால் எத்தனை பெயர் மிஞ்சுமோ! பணத்தை வைத்திருக்கும் பொருளாளர் எப்போதும் ஒரு குவேக்கராகவே இருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நான்கு வாரம் உதவி பெற்றால் பதினைந்து ஷில்லிங். அதாவது பதினைந்து பேரின் மாதச் சந்தா ஒரே நோயாளிக்குப் போகிறது. கட்டியவர்களோ சமையல் வேலை செய்தவர்கள், துணி வெளுத்தவர்கள், புகைபோக்கி துடைத்தவர்கள், துறைமுகக் கூலிகள். அவர்களை அடுத்து வேறு யாரும் தாங்கப் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஊரைவிட்டு வந்து, உறவில்லாத இடத்தில், சாவு வீட்டுச் செலவுக்கு ஒருவருக்கொருவர் கை கொடுத்த நம் முதல் தலைமுறையைக் கண்ட உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்த சம்பவத்தை 1787-ல் நடந்தது என்பது பழைய வழக்கு. 1792-ஐ ஒட்டி நடந்தது என்று பின்னாளைய ஆராய்ச்சியாளர் சொல்வார்கள். கறுப்பினத்தார் கூட்டம் பெருகப் பெருக, ஆலய நிர்வாகிகள் அவர்களைச் சுவரோரமாக ஒதுக்கினார்கள். பிறகு மாடியில் புதிய இருக்கைகள் கட்டி அங்கே போகச் சொன்னார்கள். அந்தக் கட்டடவேலைக்குக் கறுப்பினத்தாரும் காணிக்கை கொடுத்திருந்தார்கள், உழைத்தும் இருந்தார்கள். ஒரு ஞாயிறு ஜெபம் தொடங்கி எல்லாரும் முழங்காற்படியிட்டிருந்தபோது, அவர்கள் தவறான இடத்தில் இருப்பதாகச் சொல்லி ஒரு நிர்வாகி ஜோன்ஸைப் பிடித்து இழுத்து எழுப்பினார். ஜெபம் முடியும் வரை பொறுங்கள் என்று ஜோன்ஸ் கேட்டார். பொறுக்கவில்லை. ஜெபம் முடிந்தபின் நாங்களே போய்விடுகிறோம், இனி உங்களுக்குத் தொந்தரவு இராது என்றார். அதற்கும் பொறுக்காமல் இன்னொருவரைத் துணைக்கு அழைத்தார்கள். அதற்குள் ஜெபம் முடிந்தது. கறுப்பினத்தார் எல்லாரும் ஒரே கூட்டமாக எழுந்து வெளியே போனார்கள்.

இதை வாசித்து அமெரிக்க வெள்ளையரைக் கடிந்துகொள்வது எளிது. 1833-ல் பேராயர் டேனியல் வில்சன் ஆலயத்துக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கோபித்து வெளியேறியவர்கள் யார் என்பதை நம் சபை வரலாறு சொல்லும். அங்கே தள்ளப்பட்டவர்கள் வெளியேறினார்கள். இங்கே பக்கத்தில் உட்கார மனமில்லாதவர்கள் வெளியேறினார்கள். இதை இத்தோடு விடுகிறேன்.

வெளியேறியவர்கள் சொந்த ஆலயம் கட்ட முனைந்தார்கள். நகரத்தின் புகழ்பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ரஷ் உதவினார். 1793 ஆகஸ்ட் 22 அன்று கூரை ஏறியது. அன்று மரத்தடியில் ஒரு விருந்து நடந்தது. முதல் பந்தியில் கட்டட வேலை செய்த வெள்ளைத் தச்சர்களும் நண்பர்களும் சுமார் நூறு பேர் அமர்ந்தார்கள், கறுப்பினத்தார் பரிமாறினார்கள். அடுத்த பந்தியில் கறுப்பினத்தார் அமர, வெள்ளையர் பரிமாறினார்கள். பந்தியில் யார் உட்காருவது, யார் பரிமாறுவது என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று தமிழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விருந்தின் வாசனை அடங்குமுன் மஞ்சள் காய்ச்சல் நகரத்தைப் பிடித்தது. அப்போது ஃபிலடெல்ஃபியாதான் அமெரிக்காவின் தலைநகரம். மக்கள்தொகை ஏறக்குறைய 50,000. ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குள் சுமார் 5,000 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஓடிப்போனார்கள். குடியரசுத் தலைவர் வாஷிங்டனும் செப்டம்பரில் புறப்பட்டுவிட்டார். கணவன் மனைவியைத் தொட அஞ்சினான். பிணத்தை எடுக்க ஆளில்லை. நோயைப் பரப்புவது கொசு என்பது நிரூபிக்கப்பட இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

கறுப்பினத்தாருக்கு இந்நோய் தொற்றாது என்று ரஷ் நம்பினார். அந்த நம்பிக்கையோடு ஜோன்ஸையும் ஆலனையும் உதவிக்கு அழைத்தார். சங்கம் கூடி ஜெபித்து ஆலோசித்தது. மாடிக்குப் போ என்று தங்களை எழுப்பிய நகரத்துக்குப் பணிவிடை செய்வதா என்று அங்கே யாராவது கேட்டிருக்கக் கூடும். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அவர்கள் போனார்கள். முதல் நாள் ஒரு சந்தில் நுழைந்த வீட்டில் மனைவி இறந்து கிடந்தாள், கணவன் செத்துக்கொண்டிருந்தான், துணைக்கு இருந்தவர்கள் இரண்டு சிறு பிள்ளைகள் மட்டுமே. அன்று மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். அதன்பின் நோயாளிகளுக்குத் தாதியர் ஏற்பாடு, பிணம் எடுத்தல், அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்தல் என்று வாரக்கணக்கில் வேலை. மருத்துவர்கள் போதாமல், ரஷ் சொல்லிக்கொடுத்தபடி 800-க்கும் அதிகமானோருக்கு இவர்களே இரத்தம் எடுத்தார்கள். அக்கால வைத்தியம் அப்படி. அதனால் நன்மை விளைந்தது என்று இன்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். தொற்றாது என்ற நம்பிக்கையும் பொய்யானது. நூற்றுக்கணக்கான கறுப்பினத்தார் இறந்தார்கள். ஆலனுக்கே காய்ச்சல் வந்து பிழைத்தார்.

குளிர் வந்து நோய் அடங்கியது. ஓடிப்போனவர்கள் திரும்பினார்கள். மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் கொள்ளைநோயைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அது பல பதிப்புகள் விற்றது. அதில் ஜோன்ஸையும் ஆலனையும் பெயர் சொல்லிப் புகழ்ந்துவிட்டு, கறுப்பினத் தாதியர் சிலர் கொள்ளைக் கூலி வாங்கினார்கள், நோயாளி வீடுகளில் திருடினார்கள் என்றும் எழுதினார்.

வாசகரே, தலைவர்கள் இருவர் நல்லவர்கள், அவர்கள் கூட்டம்தான் மோசம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்? புகழ்ச்சியை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது சுலபமான வழி. நான் அறிந்த பல தலைவர்கள் அதைத்தான் செய்திருப்பார்கள். ஜோன்ஸும் ஆலனும் 1794 ஜனவரியில் தங்கள் சொந்தப் பெயரில் ஒரு மறுப்பு நூலை அச்சிட்டார்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தார் எழுதி வெளியிட்ட ஆரம்பகால நூல்களில் ஒன்று அது.

அந்த நூலின் பலம் அதன் கணக்கு. இறந்தவர்களின் படுக்கைகளை அப்புறப்படுத்தியது முதலான வேலைகளுக்குக் கைக்கு வந்த தொகை 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ். பணம் கொடுக்க ஆளில்லாத பிணங்களுக்குச் சவப்பெட்டி வாங்கிய செலவு 33 பவுண்டு. ஐந்து கூலியாட்களில் மூவருக்கு 70 நாள், இருவருக்கு 63 நாள், நாளொன்றுக்கு 22 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் 378 பவுண்டு. ஆக 411 பவுண்டு செலவு. கைநஷ்டம் 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ். தங்கள் இருவரின் உழைப்புக்கு அதில் ஒரு பென்னிகூட எழுதவில்லை. ஒரு பிணத்தைப் பெட்டியில் வைக்க ஆறு பவுண்டு வாங்கிய வெள்ளைப் பெண்ணையும், அதை மாடியிலிருந்து இறக்க நாற்பது டாலர் வாங்கிய நான்கு வெள்ளை ஆட்களையும் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டார்கள். தாதியர் கூலி ஏறியதற்குக் காரணம், பணம் உள்ளவர்கள் போட்டிபோட்டு ஏலம் கேட்டதுபோல் கேட்டதுதான் என்று விளக்கினார்கள். ஒன்றும் வாங்காமல் பணிவிடை செய்த ஏழைக் கறுப்பினத்தார் பலரைப் பற்றியும் எழுதினார்கள். நகர மேயர் மேத்யூ கிளார்க்சன் அவர்களுடைய சேவைக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

மாதம் ஒரு ஷில்லிங்கை ஏழு ஆண்டுகள் எழுதிப் பழகிய கை அது. கணக்கு எழுதி வைத்திருந்ததால், தம் மக்களின் மானத்துக்கு வழக்காட அவர்களிடம் ஆதாரம் இருந்தது.

1794 ஜூலை 17 அன்று புனித தோமா ஆப்பிரிக்க ஆலயம் திறக்கப்பட்டது. நம் தோமாவின் பெயர்தான்! எந்தச் சபைப்பிரிவில் சேருவது என்று வாக்கெடுத்தபோது, மெதடிஸ்டுகளால் அவமதிக்கப்பட்டவர்கள் பெருவாரியாக எபிஸ்கோப்பல், அதாவது ஆங்கிலிக்கன் வழியைத் தேர்ந்தார்கள். மெதடிஸ்டாகவே இருக்க விரும்பிய ஆலன் போதகர் பொறுப்பை மறுத்துத் தனியே பெத்தேல் ஆலயத்தைத் தொடங்கினார். ஜோன்ஸும் மனதால் மெதடிஸ்டுதான். ஆனாலும் மக்களோடு போனார். பேராயர் வில்லியம் ஒயிட் 1795-ல் அவரை உதவிக்குருவாகவும், சில ஆண்டுகள் கழித்துக் குருவானவராகவும் அபிஷேகம் செய்தார். அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவானவர் அவர்தான். கிரேக்கமும் லத்தீனும் தெரிய வேண்டும் என்ற விதியை அவருக்குத் தளர்த்தினார்கள். அதற்கு ஈடாக, அவருடைய சபைக்குத் திருமண்டல மன்றத்தில் இடமில்லை என்றார்கள். அவர் இறந்து பல பத்தாண்டுகள் வரை அந்தத் தடை நீடித்தது. இந்த நிபந்தனையை அவர் ஏற்றிருக்க வேண்டுமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஆலயச் சொத்தும் நிர்வாகமும் தங்கள் கையிலேயே இருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே சேர்ந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

இனி, உங்களில் சிலருக்கு வியப்பளிக்கக்கூடிய ஒரு பகுதிக்கு வருகிறேன். இந்தக் குருவானவர் ஒரு ஃப்ரீமேசன். கல்தச்சர் சங்கங்களின் வழக்கங்களிலிருந்து வளர்ந்த இந்தச் சகோதர அமைப்பு 1717-ல் லண்டனில் ஒரு தலைமைச் சங்கமாக உருப்பெற்றது. கடவுள் நம்பிக்கை, ஒருவருக்கொருவர் உதவி, விதவை அநாதைகளுக்குத் தருமம் ஆகியவை அதன் கடமைகள். இரகசியச் சடங்குகளும் உண்டு. அந்த இரகசியத்தாலும் சத்தியப்பிரமாணத்தாலும் பல திருச்சபைகள் அதை ஏற்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1738-லேயே தடை விதித்தது. நம் சபையிலும் இதைப் பற்றி ஒரே கருத்து இராது. ஆனால் ஜோன்ஸ் ஏன் அதில் சேர்ந்தார் என்பதைக் கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள்.

பாஸ்டன் நகரில் பிரின்ஸ் ஹால் என்ற தோல் வேலைக்காரர் இருந்தார். 1775-ல் அவரும் வேறு 14 கறுப்பினத்தாரும் பிரிட்டிஷ் படையோடு வந்திருந்த ஓர் ஐரிஷ் லாட்ஜில் சேர்க்கப்பட்டார்கள். வெள்ளை அமெரிக்க லாட்ஜுகள் அவர்களை ஏற்காததால், நேரே இங்கிலாந்துக்கு எழுதி 1784 தேதியிட்ட அங்கீகாரப் பத்திரத்தைப் பெற்றார்கள். 1788-ல் பாஸ்டனில் சுதந்திரமான மூன்று கறுப்பினத்தாரை ஏமாற்றிக் கப்பலில் ஏற்றிக் கரீபியத் தீவு ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். ஹால் அரசுக்கு மனு எழுதிப் போராடினார். கடத்தப்பட்டவர்களில் ஒருவர் மேசன். அத்தீவில் அவர்களை விலைக்குக் காட்டியபோது, அதைப் பார்க்க வந்த வணிகரும் மேசன். இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டார்கள். வணிகர் அவர்களை வாங்காமல் ஆளுநரிடம் அழைத்துப் போனார். மூவரும் வீடு திரும்பினார்கள்.

அடிமை வியாபாரிகள் தெருவில் நடமாடிய காலத்தில், தூர தேசத்திலும் உன்னைச் சகோதரன் என்று ஒருவன் அறிந்துகொள்வான் என்பது சிறிய காரியமல்ல. 1797-ல் ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பின மேசன்கள் சிலர் பிரின்ஸ் ஹாலுக்குக் கடிதம் எழுதினார்கள். உள்ளூர் வெள்ளை லாட்ஜுகள் அனுமதி மறுத்துவிட்டன. இவர்களுக்குக் கொடுத்தால் வர்ஜீனியாவின் கறுப்பினத்தாரும் கேட்பார்களே என்பது அவர்களுடைய பயம். ஹால் அனுமதி கொடுத்தார். அவ்வாண்டே ஆப்பிரிக்க லாட்ஜ் நிறுவப்பட்டது. ஜோன்ஸ் தலைவர், ஆலன் பொருளாளர். பாய்மரம் தைக்கும் தொழிலில் செல்வரான ஜேம்ஸ் ஃபோர்டனும் உறுப்பினர். 1815-ல் பென்சில்வேனியாவின் கறுப்பின லாட்ஜுகள் தங்களுக்கென ஒரு கிராண்ட் லாட்ஜ் அமைத்தபோது அதன் முதல் தலைவரும் ஜோன்ஸே.

சபைப்பிரிவால் ஜோன்ஸும் ஆலனும் பிரிந்திருந்தார்கள் அல்லவா? லாட்ஜில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். புனித தோமா ஆலயத்தில் சேர்ந்தவரும், பெத்தேலில் சேர்ந்தவரும், எதிலும் சேராதவரும் அங்கே கூட முடிந்தது. அந்த ஐக்கியத்திலிருந்து பொதுக் காரியங்கள் பிறந்தன. 1799 டிசம்பரில் ஜோன்ஸ் தலைமையில் எழுபதுக்கும் மேற்பட்ட சுதந்திரக் கறுப்பினத்தார் கையொப்பமிட்டு, ஆள்கடத்தலைத் தடுக்கவும், தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் 1793-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தவும் அமெரிக்கக் காங்கிரசுக்கு மனு அனுப்பினார்கள். விவாதத்தின் முடிவில் மனுவுக்கு எதிராக 85 வாக்குகள். ஆதரவாக ஒன்றே ஒன்று.

எண்பத்தைந்துக்கு ஒன்று என்று தோற்றவர் அடுத்த ஞாயிறு என்ன செய்வார்? வழக்கம்போல் ஆராதனை நடத்தினார், நோயாளிகளைப் பார்த்தார், பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1808 ஜனவரி 1 அன்று அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடைசெய்யும் சட்டம் அமலுக்கு வந்தபோது, யாத்திராகமம் 3-ஆம் அதிகாரம் 7, 8 வசனங்களை எடுத்து ஸ்தோத்திரப் பிரசங்கம் செய்தார். ஆண்டுதோறும் அந்த நாளை ஸ்தோத்திர நாளாக ஆசரிக்கவும் கேட்டுக்கொண்டார். 1814-ல் பிரிட்டிஷ் படை ஃபிலடெல்ஃபியாவைத் தாக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தபோது அவரும் ஆலனும் ஃபோர்டனும் 2,500 கறுப்பினத்தாரைத் திரட்டி அரண் கட்ட அனுப்பினார்கள்.

1816 ஏப்ரலில் ஆலனின் மக்கள் தனித் திருச்சபையாகி அவரைப் பேராயராகத் தெரிந்துகொண்டார்கள். அந்த அபிஷேக ஆராதனையில் ஆலனின் தலைமீது கைவைத்தவர்களில் எபிஸ்கோப்பல் குருவானவரான ஜோன்ஸும் ஒருவர். ஒருகாலத்தில் ஒரே ஆலயத்திலிருந்து ஒன்றாக வெளியேறிய இருவர், வேறு வேறு ஆலயங்களைக் கட்டி, இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் முன் ஒருவர் முழங்காலில் நின்றார்கள். அன்று யாரும் யாரையும் பிடித்து இழுக்கவில்லை.

அருள்திரு அப்சலோம் ஜோன்ஸ் 1818 பிப்ரவரி 13 அன்று தம் 71-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபை அந்த நாளை ஆண்டுதோறும் அவர் நினைவாக ஆசரிக்கிறது. ரஃபேல் பீல் என்ற ஓவியர் 1810-ல் வரைந்த அவருடைய படம் டெலவேரில், அவர் அடிமையாகப் பிறந்த அதே மாநிலத்தின் கலைக்கூடத்தில் இருக்கிறது. குருவானவரின் அங்கியோடு, கையில் வேதாகமத்தோடு உட்கார்ந்திருக்கிறார். புனித தோமா சபை இடம் மாறி, கட்டடம் மாறி, இன்றும் ஃபிலடெல்ஃபியாவில் கூடி ஆராதிக்கிறது. அவருடைய எஞ்சிய உடற்கூறுகளையும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.